வாய் பிளந்த சப்பாத்து

தங்கை கைறுன்னிஸாவின் கலியாணத்துக்காக ஹமீட் ஊரெல்லாம் ஓடியதும், அரசாங்கக் கச்சேரியில் பியோனாக இருக்கும் சாலிஹ் காத்தான்குடியில் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்ததும் வாசகர்களுக்கு மறந்திருக்காது. வாப்பா இல்லாத வீடு. உம்மா ஸைனம்பு தறியில் நெய்வதையும், ஹமீட் பட்டாள முகாமில் விறகு ஏற்றி இறக்குவதையும் நம்பித்தான் அடுப்பு எரிந்தது. அப்படியிருந்தும் மாப்பிள்ளை வீட்டார் கேட்ட எதிலும் ஹமீட் குறை வைக்கவில்லை. கச்சேரி மாப்பிள்ளைக்குத் தோல் சப்பாத்து வேண்டும், அதுவும் டவுனில் முகைதீன்பாவா முதலாளியின் கடைச் சப்பாத்தாக இருக்க வேண்டும் என்றார்கள். அதையும் கொண்டுவந்து கொடுத்தான்.

கலியாணம் முடிந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அந்தச் சப்பாத்து இப்போது வாயைப் பிளந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஹமீட் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது சாலிஹ் பின்னால் வந்து நின்றான்.

“மச்சான், வெளிக்கிடுங்க. டவுனுக்குப் போவம்.”

“எதுக்கு மச்சான்?”

“இதுக்குத்தான்.” சாலிஹ் இடதுகால் சப்பாத்தைத் தூக்கிக் காட்டினான். முன்பக்கத்து அடித்தோல் மேல்தோலை விட்டுப் பிரிந்து, கரையில் இழுத்துப் போட்ட மீனின் வாயைப்போல் திறந்து கிடந்தது. “வெள்ளிக்கிழமை கச்சேரிப் படியில ஏறக்குள்ள தடக்கி விழுந்துட்டன். பெரிய கிளாக்கர் எல்லாருக்கும் முன்னால வெச்சிச் சிரிச்சார். எங்கட உம்மாவும் கேள்விப்பட்டு, பொண்டாட்டி வீட்டுச் சப்பாத்துக்குப் பசி வந்துட்டு எண்டு சொல்லுறாவாம்.”

ஹமீட் சப்பாத்தை வாங்கிப் பார்த்தான். பிரிந்த இடத்தை விரலால் விலக்கினான். உள்ளே, கால் பதியும் தோலுக்கு அடியில், அழுத்தி அடித்த சின்னஞ்சிறு அம்புக்குறி ஒன்று தெரிந்தது.

அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

முகாமில் உள்ள கோடரியிலும் அந்த அம்பு இருக்கும். சாக்கில் இருக்கும், தேத்தண்ணிக் கோப்பையில் இருக்கும். அது அரசாங்கத்துப் பட்டாளச் சாமான் என்பதற்கு அடையாளம். உலக யுத்தகாலம். அந்த அம்பு போட்ட சாமான் ஒரு வீட்டில் அகப்பட்டால் வீட்டுக்காரனுக்குச் சிறை மறியல்தான். போன மாதம் ஏறாவூரில் ஆதம்பாவா என்று ஒருவனை, ஒரேயொரு கம்பளிக்காகக் கையில் விலங்கு போட்டுத் தெருவால் நடத்திக்கொண்டு போனார்கள். அவனுடைய பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்களாம்.

சப்பாத்து முகைதீன்பாவா முதலாளியின் கடையில் வாங்கியது அல்ல. கலியாணத்துக்கு முன் ஹமீட் அந்தக் கடைக்கு நடையாய் நடந்தான். கப்பல் வரவில்லை, சரக்கு இல்லை என்று ஒவ்வொரு முறையும் கையை விரித்தார்கள். நாள் நெருங்கிவிட்டது. கடைசியில் முகாம் சமையற்கட்டில் இருந்த பட்டாளத்துக்காரன் ஒருவன், வீட்டுக் கோழிகளையும் ஒரு சட்டி எருமைத் தயிரையும் வாங்கிக்கொண்டு, பழைய கடதாசியில் சுற்றி இந்தச் சோடியைக் கொடுத்தான். நாக்குத் தோலில் இருந்த அம்பை ஹமீட் அன்றைக்கே கத்தியால் சுரண்டிவிட்டான். உள்ளே இன்னொன்று இருக்கும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

“இதுக்குப் போய் டவுனுக்கு எதுக்கு மச்சான்? எங்கட தெருவில தைக்கிறவன் இரிக்கான். நான் குடுத்துத் தெச்சிட்டு வாறன்.” உள்ளே விரலை விட்டு அந்தத் தோலைக் கிழித்துவிடப் பார்த்தான்.

சாலிஹ் சப்பாத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். “கையை வெக்காதீங்க. அப்பிடியே இரிக்கட்டும். அப்பதான் முதலாளிக்கு விளங்கும். அவர்ர சாமானில பிழை இரிக்கக்குள்ள நாம ஏன் தைக்கணும்?”

“வாங்கி எவ்வளவு காலம் போயிட்டு. இப்ப போய்க் கேட்டா எடுப்பாரா?”

“எடுக்காட்டி நாலு பேருக்கு முன்னால கேப்பன். நாளைக்கிச் சப்பாத்து இல்லாமக் கச்சேரிக்குப் போக ஏலா. துரை முக்கியமான வேலை ஒண்டுக்கு வரச்சொல்லியிரிக்கார்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “நீங்கதானே வாங்கின. நீங்க வந்து நிண்டாத்தான் மதிப்பு.”

தறிக்குழிக்குள் இருந்த உம்மா, மருமகனின் குரல் கேட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: “போயிட்டு வா மனே. மருமகன்ட மனம் நோகப்படாது.”

இதற்குமேல் என்ன சொல்ல முடியும்? ஹமீட் சட்டையை மாட்டிக்கொண்டான்.

சாலிஹ் சப்பாத்துச் சோடியைப் பழைய சாரன் துண்டு ஒன்றில் கட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விறுவிறென்று நடந்தான். நாவற்குடா தாண்டியது, கல்லடி வந்தது. வழி நெடுக அவன் முதலாளியிடம் என்ன கேட்பான், எப்படிக் கேட்பான் என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஹமீட்டுக்கு எதுவும் காதில் விழவில்லை. இந்தச் சப்பாத்து என் கடையில் விற்றது அல்ல என்று முதலாளி ஒரு வார்த்தை சொல்வார். அப்போது மச்சான் என் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் எங்கே போய் ஒளிவது?

கல்லடிப் பாலத்தின் தலைப்பில் துவக்கோடு ஒரு பட்டாளத்துக்காரன் காவல் நின்றான். அவன் காலிலும் அதே கபில நிறத் தோல் சப்பாத்து. ஹமீட் பார்வையை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோணியில் நின்று ஒருவர் வலை வீசினார். வலை விரிந்து விழுந்த சத்தத்துக்கே அவன் திடுக்கிட்டான்.

“என்ன மச்சான், காய்ச்சலா?” என்றான் சாலிஹ். “வேர்த்துக் கொட்டுது.”

“வெயில்தானே.”

முகைதீன்பாவா முதலாளியின் கடை பெரிய தெருவில் இருந்தது. கண்ணாடி அலுமாரிகள் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தன. முதலாளி லாச்சி மேசைக்குப் பின்னால் இருந்து விசிறிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே, வாங்குப் பலகையில், காக்கி உடுப்போடு கால்மேல் கால் போட்டு இருந்தவரைக் கண்டதும் ஹமீட்டின் கால் வாசற்படியிலேயே பின்வாங்கியது.

வினாயகமூர்த்தி சார்ஜன். டவுன் பொலிசில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஆதம்பாவாவுக்கு விலங்கு போட்டதும் இவர்தான் என்று பேச்சு. அவர் மடியில் ஒரு சின்னப் பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்து இருந்தது. மகளுக்கு வாங்க வந்திருக்கிறார்.

“மச்சான், மறுகா வருவம்” என்று ஹமீட் வாய்க்குள் முணுமுணுத்தான்.

சாலிஹ் அதற்குள் துண்டை அவிழ்த்துச் சப்பாத்தை மேசையில் வைத்துவிட்டான். “அஸ்ஸலாமு அலைக்கும். முதலாளி, இது ஒங்கட கடையில வாங்கின சப்பாத்து. இவர்தான் என்ட மச்சான், இவர்தான் வந்து வாங்கின. ஒரு மழைகூடக் காணல்ல, பாருங்க கோலத்த.”

முதலாளி சலாமுக்குப் பதில் சொல்லிக்கொண்டே சப்பாத்தை எடுத்தார். புரட்டினார். பிரிந்த வாயை விரித்தார்.

ஹமீட் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளியின் விரல் ஓரிடத்தில் போய் நின்றது. விசிறி மேசையில் விழுந்தது. கண் மெல்ல எழும்பி ஹமீட்டைப் பார்த்தது, சாலிஹைப் பார்த்தது, பிறகு வாங்கில் இருந்தவரைப் பார்த்தது.

“நல்ல தோல் மாதிரி இரிக்கே” என்றார் சார்ஜன். “அடி எப்பிடிப் பிரிஞ்சது? இஞ்ச தாங்க பாப்பம்.” கையை நீட்டினார்.

ஹமீட் கண்ணை மூடிக்கொண்டு கலிமாவைச் சொன்னான்.

“நீங்க எதுக்கு ஐயா இந்த அழுக்கைத் தொடுறீங்க?” முதலாளி சிரித்துக்கொண்டே சப்பாத்தை மேசைக்குக் கீழே இறக்கிவிட்டார். “எங்கட சரக்குத்தான். எனக்குத் தெரியாதா? யுத்தத்தில வாற நூல் எல்லாம் இத்துப்போன நூல். தம்பி, குறை நினைக்கப்படா. வேற சோடி தாறன், போட்டுட்டுப் போங்க.”

ஹமீட் கண்ணைத் திறந்தான். தான் கேட்டது சரிதானா என்று அவனுக்குத் தெரியவில்லை. இந்த மனிதர் ஒருநாளும் விற்காத சப்பாத்தை, தான் விற்றது என்று ஒத்துக்கொள்கிறார்.

“பாத்தீங்களா மச்சான்?” சாலிஹின் முகம் மலர்ந்தது. “வியாபாரம் எண்டா இது.”

“இந்தத் தம்பி உள்ளுக்கு வரட்டும். மேல் தட்டில இரிக்கு, எடுத்துத் தரணும்” என்று முதலாளி ஹமீட்டைக் கூப்பிட்டார்.

பின் அறையில் வெளிச்சம் குறைவு. சாக்குப் போட்டு மூடிய பெட்டிகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. தோல் வாசத்தோடு கறுப்பு மையின் காரமான வாசமும் மூக்கில் ஏறியது. உள்ளே போனதும் முதலாளியின் சிரிப்பு மறைந்துவிட்டது.

“ஆருடா நீ? ஆர் அனுப்பின ஒன்ன?”

“ஒருத்தரும் அனுப்பல்ல முதலாளி. என்ட தங்கச்சிர கலியாணத்துக்கு, பட்டாளக் காம்புல ஒருத்தன்கிட்ட…”

“மெதுவா.” முதலாளி வாசற்பக்கம் எட்டிப் பார்த்தார். “சார்ஜனை வெச்சிக்கிட்டு அம்பு போட்ட சப்பாத்தைத் தூக்கிட்டு வாறீங்க. நான் இல்லையெண்டு சொன்னா ஒன்ட மச்சான் அவர்ர கையில அதைக் குடுத்து நியாயம் கேப்பான். மறுகா இந்த அறையையும் பாப்பாங்க.” சாக்கைத் தூக்கி ஒரு சோடிச் சப்பாத்தை எடுத்து ஹமீட்டின் கையில் திணித்தார். “கொண்டுபோ. பழையது இஞ்ச இரிக்கட்டும். காம்புல ஒனக்கு ஆளிரிக்கு எண்டு எனக்கு இப்ப தெரியும். அடுத்த கிழமை தனியா வா, பேசுவம். வராட்டி, அந்தப் பழையது என்ட கையில இரிக்கி எண்டதை மறந்துடாத.”

ஹமீட் கையிலிருந்ததைப் பார்த்தான். புதுச் சப்பாத்து. கறுப்பு. ஆனால் அந்த முனை வளைவும், குதியில் இரட்டைத் தையலும் அவனுக்கு நன்றாகத் தெரிந்தவை. நாக்குத் தோலில் ஓரிடம் சுரண்டி, அதன்மேல் மை தடவியிருந்தது.

இதுவும் அதே சப்பாத்துத்தான்.

வெளியே சாலிஹ் அதைப் போட்டு, நாலு எட்டு நடந்து, சார்ஜனுக்கே காட்டினான். “எப்பிடி ஐயா?”

“துரை மாதிரி இரிக்காய்” என்றார் சார்ஜன்.

பாலத்தில் திரும்பி வரும்போது சாலிஹின் நடையே மாறியிருந்தது. பாதி வழியில் நின்று, இருபுறமும் பார்த்துவிட்டு, ஹமீட்டின் தோளில் கை போட்டான்.

“மச்சான், ஒருத்தருக்கும் சொல்லப்படா. நாளைக்கி ஏன் சப்பாத்து வேணும் எண்டு சொன்னன் தெரியுமா? டவுன் கடையெல்லாம் சோதிக்கப் போறாங்க. பட்டாளச் சாமான் களவாப் போகுதாம். கச்சேரித் துரையும் வாறார், பட்டாளத் துரை ஒருத்தரும் வாறார். பிடிக்கிற சாமானை எழுதி எடுத்து, பெட்டியில போட்டுச் சுமக்கிற ஆள் நான்தான். அதுக்குத்தான் உடுப்புச் சப்பாத்தோட வரச்சொன்ன.”

கீழே வாவித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஹமீட் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நாளைக்கு மச்சான் களவுச் சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டு, பட்டாளத் துரைக்கு முன்னால் போய் நின்று, களவுச் சாமானைத் தேடப் போகிறார். அந்த மேசைக்கு அடியிலிருந்து முதலில் வெளியே வரப்போவது அவருடைய பழைய சப்பாத்து. அதை இவர்தான் குனிந்து எடுப்பார்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். “மச்சான்…”

“என்ன மச்சான்?”

தன் தோளில் கிடந்த அந்தக் கையைப் பார்த்தான். வாப்பா போனதற்குப் பிறகு அவன் தோளில் இப்படி ஒருவரும் கை போட்டதில்லை. “ஒண்டுமில்ல. கெதியா நடப்பம். பசிக்குது.”

பகல் சோறு தின்றதும் சாலிஹ் பாயில் சாய்ந்து உறங்கிப் போனான். ஹமீட் வேலியோரம் பூவரச மரத்தடியில் குந்தியிருந்தான். சோற்றில் இரண்டு வாய்கூட அவனுக்கு இறங்கவில்லை.

“காக்கா.”

கைறுன்னிஸா நின்றாள். ஒரு கையில் சப்பாத்து, மறு கையில் வெள்ளைத் துணி. துணி முழுவதும் கறுப்பு.

“தூசி துடைப்பம் எண்டு தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைச்சன். சாயம் போகுது. உள்ளுக்குப் பழையதுர நிறம்தான் இரிக்கு.” அண்ணனின் முகத்தைக் கண்டதும் அவள் குரல் தாழ்ந்தது. “விடியக் காலத்தால இருந்து நீங்க ஒரு மாதிரி இரிக்கீங்க. என்ன இது காக்கா?”

ஹமீட் எல்லாவற்றையும் சொன்னான். கோழியும் தயிரும், சுரண்டிய அம்பு, சுரண்டாத அம்பு, முதலாளியின் பின் அறை, நாளைய சோதினை. கேட்கக் கேட்கக் கைறுன்னிஸாவின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனது. கடைசியில் அவளும் அவன் பக்கத்தில் குந்திவிட்டாள்.

“என்ட கலியாணத்துக்கா இவ்வளவும் செஞ்ச?”

“வேற வழி தெரியல்ல புள்ள.”

“இவர்கிட்ட சொல்லுவமா?” என்று தானே கேட்டு, தானே தலையை ஆட்டினாள். “சொன்னா, அரசாங்க வேலைக்காரன் அவர். மறைச்சா அவரும் கள்ளன். மறைக்காட்டி ஒங்களைக் கொண்டுபோய்க் குடுக்கணும். அவர் எதைச் செஞ்சாலும் நான் இந்த வீட்டில அவர்ர முகத்தை எப்பிடிப் பாக்கிற?”

உள்ளே தறி சடக் சடக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. உம்மாவுக்கு எதுவும் தெரியாது.

கைறுன்னிஸா எழுந்தாள். சமையலறைப் பக்கம் போய், பனையோலைக் கூடை ஒன்றை எடுத்துவந்து, சப்பாத்துச் சோடியை உள்ளே வைத்து, மேலே முருங்கைக் கீரையைப் பரப்பினாள். கீரை தரையில் சிந்தியது.

“கொண்டுபோங்க காக்கா. முதலாளிட காலில விழுந்தாவது பழையதை வாங்குங்க. ரெண்டு சோடியையும் கல்லைக் கட்டி வாவியில போட்டுடுங்க. நாளைய சோதினையையும் சொல்லுங்க, அவர் பயந்து குடுப்பார்.”

“மச்சான் எழும்பிக் கேட்டா?”

“சாயம் போகுது, மாத்தப் போயிட்டீங்க எண்டு சொல்லுறன். அது பொய்யில்லத்தானே.” அவள் அழாமல் இருக்கப் பாடுபட்டாள். “நாளைக்கி வெறுங்காலோட போனாலும் காரியமில்ல. ஏசுவாங்க. ஏச்சைத் தாங்கலாம்.”

ஹமீட் கூடையை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனான். பாலத்துக் காவற்காரன் கூடையை எட்டிப் பார்த்தான். கீரையைக் கண்டு கையை அசைத்து விட்டான். ஹமீட் நடையைக் கூட்டினான். எதிர்ப்பட்டவர்கள் எல்லோரும் கூடையையே பார்ப்பதுபோல் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டதற்கும் திரும்பாமல் போனான். முதலாளியிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். பழையதைத் தாங்க. நாளைக்குச் சோதினை. பழையதைத் தாங்க.

பெரிய தெருவுக்குள் திரும்பியதும் அவன் நின்றான்.

முதலாளியின் கடை பலகை போட்டு அடைத்திருந்தது. நல்ல வெயில் நேரம். பக்கத்துக் கடைகள் திறந்துதான் இருந்தன. வெளியே இழுத்துப் போட்ட வாங்கில் வினாயகமூர்த்தி சார்ஜன் தனியாக இருந்தார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். மடியில் காலையில் வாங்கிய அந்தச் சின்ன வெள்ளைச் சப்பாத்து.

திரும்பிவிடலாம் என்று ஹமீட் நினைத்தான். அதற்குள் அவர் கண்டுவிட்டார்.

“முதலாளி அஸர் தொழப் போயிட்டாராம். நானும் காத்துக்கொண்டுதான் இரிக்கன்” என்றார் சார்ஜன். “மகளுக்கு இது கடிக்குதாம், மாத்த வந்த. நீ என்ன தம்பி திரும்பி வந்துட்டாய்? மச்சானுக்கு அதும் சரிவரல்லையோ?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். சிரித்த முகத்தோடுதான் கேட்டார். அந்தச் சிரிப்பு ஹமீட்டின் கண்ணில் படவில்லை. விலங்கு பூட்டிய ஆதம்பாவாவும், பின்னால் ஓடிய பிள்ளைகளும், கச்சேரிப் படியில் நிற்கும் சாலிஹுமாக எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“அவருக்கு ஒண்டும் தெரியா ஐயா” என்றான்.

சார்ஜனின் முகத்தில் சிரிப்பு கொஞ்சநேரம் அப்படியே நின்றது. பிறகு மகளின் சப்பாத்தை எடுத்துத் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். வாங்கில் தள்ளி இருந்து இடம் விட்டார்.

“இதில வந்து இரு தம்பி” என்றார். “என்ன தெரியா அவருக்கு?”